கலப்பு எஃகு: வேப்பம்பட்டு முதல் பாடி வரை

சென்னை சென்ட்ரலிலிருந்து ஆவடி, வேப்பம்பட்டு, திருவள்ளூர் வழியாக அரக்கோணம் செல்லும் ரயில் பாதை, 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை இடப்பட்ட தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதையின் தடத்தையே பெரும்பாலும் பின்பற்றிச் செல்கிறது. விடுதலைக்குப் பிந்திய இருபது ஆண்டுகளுக்குள் இப்பாதையின் இருபுறமும் எழுந்த தொழிற்கூடங்கள் தமிழகத்தின் பொறியியல் தொழிலுக்கே அடித்தளமாயின. அம்பத்தூரில் 1951-இல் மிதிவண்டி உற்பத்தியைத் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், ஆவடியில் 1955-இல் தொடங்கப்பட்ட டியூப் புராடக்ட்ஸ், பாடியில் 1960-களில் வரிசையாக வந்த லூகாஸ் டி.வி.எஸ்., வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் ஃபாஸனர்ஸ், அதே பத்தாண்டில் அம்பத்தூரில் உருவான தொழிற்பேட்டை, ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலை என்று அந்த வரிசை நீள்கிறது. பாதையின் மேற்கே உள்ள வேப்பம்பட்டு பெரிதும் குடியிருப்புப் பகுதியே. எனினும் அங்கிருந்து காலை ரயிலில் கிழக்கே செல்வோரில் பலர் லேத்திலோ, கியர் வெட்டும் இயந்திரத்திலோ, வெப்பப் பதன உலையிலோ நாள் முழுவதும் கையாளும் பொருள் ஒன்றே. கலப்பு எஃகு என்று தமிழிலும், அலாய் ஸ்டீல் என்று பட்டறை வழக்கிலும் அது அழைக்கப்படுகிறது.

இத்தனை பேருடைய வாழ்வாதாரமாக விளங்கும் அப்பொருளைப் பற்றிப் பொதுவாக நிலவும் கருத்து, அது சாதாரண எஃகைவிட உயர்ந்த, வலிமை மிகுந்த எஃகு என்பதாகும். இக்கருத்து பாதி மட்டுமே சரியானது. எஃகில் கலக்கப்படும் நிக்கலோ குரோமியமோ தம்மளவில் அதற்குத் தரும் கூடுதல் வலிமை பெரிதன்று. எஃகைப் பழுக்கக் காய்ச்சிக் குளிர்விக்கும்போது அதனுள் நிகழும் மாற்றத்தை அவை தாமதப்படுத்துகின்றன என்பதே அவற்றின் முதன்மையான பணி. அந்தத் தாமதத்தைப் பயன்படுத்தி வலிமையை உருவாக்குவது உலையருகே நிற்கும் மனிதரின் வேலை. இதைப் புரிந்துகொண்டால், ஒரே இரும்பு எவ்வாறு மோட்டார் சைக்கிள் சங்கிலியாகவும், பீரங்கி வண்டியின் கவசமாகவும், சமையலறைத் தட்டாகவும் வெவ்வேறு குணம் கொள்கிறது என்பதும் விளங்கிவிடும்.

எஃகு என்பது இரும்புடன் சிறிதளவு கரிமம், அதாவது கார்பன், சேர்ந்த பொருள். தூய இரும்பு மென்மையானது. அதில் நூற்றுக்கு அரைப் பங்கு அளவுக்குக் கரிமம் சேர்ந்தாலே அதன் இயல்பு அடியோடு மாறுகிறது. எல்லா எஃகிலும் உற்பத்தி முறையின் காரணமாகச் சிறிது மாங்கனீசும் சிலிக்கானும் இருக்கும் என்பதால், அவை இருப்பதனாலேயே ஓர் எஃகு கலப்பு எஃகாகிவிடுவதில்லை. மாங்கனீசு 1.65 விழுக்காட்டையோ சிலிக்கான் 0.60 விழுக்காட்டையோ தாண்டும்போதும், குரோமியம், நிக்கல், மாலிப்டினம், வனேடியம், டங்ஸ்டன், போரான் போன்ற தனிமங்கள் குறிப்பிட்ட நோக்கத்துடன் சேர்க்கப்படும்போதும் அதைக் கலப்பு எஃகு என வகைப்படுத்துவது வழக்கம். சேர்மானங்களின் மொத்த அளவு ஏறத்தாழ ஐந்து விழுக்காட்டுக்குள் இருப்பவை குறைகலப்பு எஃகுகள்; பாத்திரக் கடைகளில் எவர்சில்வர் எனப்படும் துருப்பிடிக்காத எஃகு போன்றவை மிகைகலப்பு எஃகுகள். வேப்பம்பட்டைச் சுற்றி எழும் புதிய வீடுகளின் தூண்களுக்குள் செல்லும் டி.எம்.டி. கம்பி பொதுவாக இவ்விரண்டிலும் சேராது. உருட்டாலையிலிருந்து செஞ்சூட்டில் வெளிவரும் கம்பியின்மீது நீரைப் பாய்ச்சிப் புறத்தோலை மட்டும் கடினமாக்குவதால் வரும் வலிமையே அதனுடையது. கார் விற்பனையாளர்கள் பேசும் அலாய் வீல் என்பதும் பெரும்பாலும் அலுமினியக் கலவையே என்பதை இங்கேயே குறிப்பிட்டுவிடலாம்.

இனி அந்தத் தாமதம் பற்றி. எஃகை ஏறத்தாழ 850 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்சும்போது, அதன் அணுக்கள் தம் வரிசையை மாற்றிக்கொண்டு, கரிம அணுக்களுக்குத் தமக்கிடையே எளிதில் இடம் தருகின்றன. மெதுவாகக் குளிரவிட்டால் இரும்பு தன் பழைய வரிசைக்குத் திரும்பும். அவ்வாறு திரும்புகையில் இடமில்லாமற்போகும் கரிமம் பிரிந்து சென்று, இரும்புக் கார்பைடு எனும் மெல்லிய தகடுகளாகப் படிய, எஃகு மென்மையாகிவிடும். மாறாக, பழுத்த எஃகைச் சட்டென்று நீரிலோ எண்ணெயிலோ அமிழ்த்தினால், கரிமத்துக்கு வெளியேற நேரம் கிடைப்பதில்லை. அது இரும்பு அணுக்களுக்கிடையே சிக்கி அவ்வரிசையையே திரித்துவிடுகிறது. மார்ட்டன்சைட் எனப்படும் இந்த அமைப்பு மிகக் கடினமானது, ஆனால் கண்ணாடியை ஒத்த நொறுங்கும் தன்மையும் உடையது. எனவே அதை மீண்டும் 200 முதல் 650 டிகிரி வரையுள்ள ஏதேனும் ஒரு வெப்பநிலையில் வைத்து, கடினத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து முறியாத்தன்மையைப் பெறுகிறார்கள். டெம்பரிங் என்பது இதுதான். ஊர்க் கொல்லர் அரிவாளின் வாயைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்துத் துவைச்சல் போடும் வேலையும் இந்த அறிவியலையே பின்பற்றுகிறது.

சிக்கல் தடிமனில் தொடங்குகிறது. கரிமம் 0.4 விழுக்காடு மட்டும் உள்ள சாதாரண எஃகில், அந்தப் பிரிதல் நடைபெறாமல் தடுக்க வேண்டுமானால் ஆபத்தான வெப்பநிலைப் பகுதியை ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில் கடந்தாக வேண்டும். அரிவாளின் மெல்லிய வாய்க்கு இது எளிது. முழங்கை தடிமனுள்ள ஒரு ஷாஃப்டின் நடுப்பகுதி அவ்வளவு விரைவில் குளிர்வதற்கு எந்த நீரும் உதவாது, ஏனெனில் உள்ளிருக்கும் வெப்பம் எஃகின் ஊடாகவே வெளியேற வேண்டியிருக்கிறது. புறத்தோல் கடினமாகி, உள்ளே மென்மையாகவே நின்றுவிடும். நிக்கல், குரோமியம், மாலிப்டினம் ஆகியவற்றின் அணுக்கள் கலந்திருக்கும்போது நிலைமை மாறுகிறது. காலை நேரத்துப் புறநகர் ரயிலில் பெட்டி நிறைந்திருக்கையில் வாசலை நோக்கி ஒருவர் நகர எவ்வளவு நேரம் பிடிக்குமோ அதுபோல, கரிம அணுக்கள் பிரிந்து செல்வதற்கு நெடுநேரம் பிடிக்கிறது. ஒரு விநாடிக்கும் குறைவாக இருந்த அவகாசம் பத்து விநாடிகளுக்கும் மேலாக நீள்கிறது. தடித்த உருப்படியின் நடுப்பகுதியும் இதனால் கடினமாகிறது என்பது ஒரு பயன். நீரின் வேகமான குளிர்ச்சியைத் தவிர்த்து எண்ணெயின் மிதமான குளிர்ச்சியே போதும் என்பதால், உருப்படி வெடிக்காமலும் கோணாமலும் தப்புவது மற்றொரு பயன். பணிமனையில் இந்த இரண்டாவதன் மதிப்பு முதலாவதற்குச் சற்றும் குறைந்ததன்று, ஏனெனில் பல மணிநேரம் வெட்டிச் சீர்செய்த ஒரு கியர் கடைசி நிமிடத்தில் எண்ணெய்த் தொட்டியில் விரிசல் கண்டால், அதுவரை செலவான உழைப்பு முழுவதும் பழைய இரும்பின் விலைக்குப் போய்விடும்.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் பட்டறைகளில் எஃகு பெயரால் அன்றி எண்ணால் அறியப்படுகிறது. ஈ.என். 8, ஈ.என். 19, ஈ.என். 24, ஈ.என். 31, ஈ.என். 353 என்னும் இவ்வெண்கள் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டன் தன் எஃகு வகைகளை ஒழுங்குபடுத்த வெளியிட்ட தர அட்டவணையிலிருந்து வந்தவை. பிறந்த நாட்டில் வழக்கொழிந்து வரும் அவ்வெண்கள் இங்கே இன்றும் அன்றாடப் பேச்சில் வாழ்கின்றன. ஈ.என். 8 என்பது ஏறத்தாழ 0.4 விழுக்காடு கரிமம் மட்டும் உள்ள சாதாரண எஃகு. ஈ.என். 19 என்பது அதே அளவு கரிமத்துடன் ஒரு விழுக்காட்டை ஒட்டிய குரோமியமும் சிறிது மாலிப்டினமும் சேர்ந்தது. ஈ.என். 24-இல் இவற்றுடன் ஒன்றரை விழுக்காடு நிக்கலும் சேர்வதால், பெரிய அச்சுத்தண்டுகளுக்கும் கனமான இயந்திரங்களின் ஷாஃப்டுகளுக்கும் அது நாடப்படுகிறது. அதில் 0.2 முதல் 0.35 விழுக்காடு வரையே உள்ள மாலிப்டினத்தின் வேலை தனித்துச் சொல்லத் தக்கது: நிக்கலும் குரோமியமும் சேர்ந்த எஃகுகள் சில வெப்பநிலைகளில் டெம்பர் செய்யப்படும்போது காரணம் தெரியாமல் நொறுங்கும் தன்மை அடைவதைப் பொறியாளர்கள் நெடுங்காலம் எதிர்கொண்டனர்; அந்தக் கேட்டைத் தடுப்பது இந்தச் சிறு அளவு மாலிப்டினமே.

ஒரே பொருளில் இரு குணங்கள் வேண்டும் இடங்களும் உண்டு. கியரின் பல், தேயாமலிருக்க மேற்புறத்தில் மிகக் கடினமாகவும், திடீர் அதிர்ச்சியில் முறியாமலிருக்க உள்ளே வளைந்துகொடுப்பதாகவும் இருக்க வேண்டும். இதற்காக 20 எம்.என்.சி.ஆர். 5, ஈ.என். 353 போன்ற, கரிமம் 0.2 விழுக்காட்டை ஒட்டியே உள்ள எஃகில் பல்லை வெட்டி, பின்னர் 900 டிகிரிக்கு மேலான வெப்பத்தில் கரிமம் செறிந்த வாயுச் சூழலில் பல மணிநேரம் வைத்து, மேற்புறத்தில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கரிமத்தை ஊறவிடுகிறார்கள். மேற்புறக் கரிமம் 0.8 விழுக்காட்டை எட்டுகிறது. எண்ணெயில் குளிர்வித்தபின் தோல் கடினமாகவும் உட்புறம் முறியாத்தன்மை உடையதாகவும் அமைகிறது. கேஸ் ஹார்டனிங் எனப்படும் இம்முறையே மோட்டார் சைக்கிள் சங்கிலியின் ஊசிகளுக்கும் பின்பற்றப்படுகிறது. அம்பத்தூரில் 1960-களிலிருந்து சங்கிலி உற்பத்தி நடைபெற்று வருவதால், இந்நுட்பம் அப்பகுதிக்கு மூன்று தலைமுறைப் பழக்கமுடையது.

போல்ட்டின் கதை இதிலும் சுவையானது. கார் சக்கரத்தையோ எஞ்சினையோ பிணைக்கும் போல்ட்டின் தலையில் 8.8, 10.9, 12.9 என்று பொறிக்கப்பட்டிருப்பதைப் பலர் பார்த்திருப்பர். இவை வலிமையைக் குறிக்கும் எண்களே. முதல் எண்ணை நூறால் பெருக்கினால், அது முறியுமுன் தாங்கும் இழுவிசை ஒரு சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை நியூட்டன் என்பது கிடைக்கும். இரண்டாம் எண், அதில் எத்தனை பத்தில் ஒரு பங்கு வரை அது நிரந்தரமாக நீளாமல் தாங்கும் என்பதைச் சொல்லும். ஆக, 10.9 என்பது ஏறத்தாழ 1000 நியூட்டனில் முறிந்து, 900 வரை தன் நீளத்துக்கு மீளும் போல்ட். இத்தகைய போல்ட்டுகளுக்கு முன்பு குரோமியம், மாலிப்டினம் சேர்ந்த எஃகே பெரிதும் பயன்பட்டது. இன்று பல இடங்களில் அந்த வேலையைப் போரான் செய்கிறது. ஒரு டன் எஃகுக்கு இருபது முதல் முப்பது கிராம் வரை, ஒரு கைப்பிடிக்கும் குறைவான அளவு, போரான் சேர்த்தாலே கடினமாகும் ஆழம் வெகுவாகக் கூடிவிடுகிறது. ஆனால் போரான் எஃகிலுள்ள நைட்ரஜனுடன் சேர்ந்து வீணாகும் இயல்புடையது. அதனால் நைட்ரஜனை முன்னதாகவே பிடித்துவைக்கச் சிறிது டைட்டானியம் சேர்க்கப்படுகிறது. வலிமை ஏற ஏற ஓர் ஆபத்தும் ஏறுகிறது என்பதையும் மறக்கலாகாது. துத்தநாக முலாம் பூசும் தொட்டியில் எஃகுக்குள் புகும் ஹைட்ரஜன், 12.9 போன்ற உயர்வலிமை போல்ட்டுகளை, முடுக்கிய பல மணிநேரம் கழித்து, எவ்வித முன்னறிகுறியும் இன்றி முறித்துவிடக் கூடும். முலாம் பூசிய உடனே ஏறத்தாழ 200 டிகிரியில் சில மணிநேரம் சுட்டு ஹைட்ரஜனை வெளியேற்றுவது இதனாலேயே கட்டாயமாகிறது. கண்ணுக்குத் தெரியாத இந்த ஒரு படியைச் செலவு மிச்சம் கருதித் தவிர்ப்பவர், யாரோ ஒருவரின் உயிரோடு விளையாடுகிறார்.

இத்தனை வகை எஃகும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருப்பதுதான் பட்டறைகளின் தீராத தலைவலி. ஈ.என். 8 கம்பியையும் ஈ.என். 24 கம்பியையும் அருகருகே வைத்தால் எவராலும் கண்ணால் வேறுபடுத்த இயலாது. எஃகு விற்பவர்கள் கம்பியின் முனையில் வகைக்கொரு வண்ணம் பூசுகின்றனர். அந்த முனையையே முதலில் வெட்டிப் பயன்படுத்திவிட்டால் மீதிக் கம்பி அடையாளமற்றதாகிவிடுகிறது. அனுபவமுள்ள தொழிலாளர்கள் சாணைக்கல்லில் உரசி எழும் பொறியைக் கொண்டு கணிப்பர்: கரிமம் மிகுந்த எஃகின் பொறி நட்சத்திரமாக வெடித்துச் சிதறும், டங்ஸ்டன் கலந்ததன் பொறி மங்கிய சிவப்பாய், அதிகம் வெடிக்காமல் ஓடும். நல்ல கண்ணுக்கு இது பெருமளவு உதவும், எனினும் ஈ.என். 19-க்கும் ஈ.என். 24-க்கும் உள்ள நுண்ணிய வேறுபாட்டை உறுதிசெய்ய ஸ்பெக்ட்ரோமீட்டர் எனும் நிறமாலைக் கருவியே வேண்டும். கையடக்கமான கருவிகள் வந்துவிட்ட இக்காலத்திலும், சிறு பட்டறைகள் பல சான்றிதழை நம்பியே எஃகு வாங்குகின்றன.

இதுவரை கூறிய எஃகுகள் யாவும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை: சட்டென்று குளிர்வித்தால் கடினமாகும். அந்த விதியைத் தலைகீழாக்கும் ஓர் எஃகு, வேப்பம்பட்டிலிருந்து சென்னைக்குச் செல்லும் பயணிகளின் காலடியிலேயே கிடக்கிறது. தண்டவாளம் என்பது ஏறத்தாழ 0.7 விழுக்காடு கரிமமும் ஒரு விழுக்காடு மாங்கனீசும் உள்ள எஃகு. கலப்பு எஃகின் வரையறைக்கு அது சற்று வெளியே நிற்கிறது. ஆனால் ஆவடி போன்ற நிலையங்களில், பணிமனைக்கும் கிளைப்பாதைக்கும் தடங்கள் பிரியும் இடங்களில், ஒரு தண்டவாளம் மற்றொன்றைக் குறுக்கே வெட்டும் கிராசிங் அமைந்திருக்கும். அங்கே தண்டவாளத்தில் ஓர் இடைவெளி தவிர்க்க இயலாதது. ஒவ்வொரு சக்கரமும் அந்த இடைவெளியைத் தாண்டி எதிர்முனையின் மூக்கில் அடித்தே செல்ல வேண்டும். டன் கணக்கில் எடை தாங்கிய சக்கரங்கள் நாளெல்லாம் அடிக்கும் அந்த மூக்கு சாதாரண எஃகால் ஆனதாக இருந்தால் விரைவில் சிதைந்துவிடும். இந்திய ரயில்வே அங்கே வார்ப்பு மாங்கனீசு எஃகைப் பயன்படுத்துகிறது.

ஏறத்தாழ 12 முதல் 14 விழுக்காடு மாங்கனீசும் 1.2 விழுக்காடு கரிமமும் கொண்ட இந்த எஃகை 1882-இல் கண்டறிந்தவர் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து ராபர்ட் ஹாட்ஃபீல்டு. அப்போது அவருடைய வயது இருபதுகளின் நடுவே. மாங்கனீசைச் சற்றே கூட்டினால் எஃகு நொறுங்குவதாக மாறும் என்பது அக்காலத்துப் பொதுக் கருத்து; அது உண்மையும்கூட. ஆனால் பத்து விழுக்காட்டைத் தாண்டியதும் அந்தப் போக்கு திரும்பிவிடுவதை அவர் கண்டார். இவ்வளவு மாங்கனீசு இருக்கும்போது, உயர்வெப்பத்தில் நிலவும் அணு வரிசை குளிர்ந்த பின்னும் அப்படியே நிலைத்துவிடுகிறது. ஏறத்தாழ 1050 டிகிரியிலிருந்து நீரில் அமிழ்த்தினால் மற்ற எஃகுகள் கடினமாக, இதுவோ மென்மையும் உறுதியும் பெற்று வெளிவருகிறது. காந்தம் இதை ஈர்ப்பதில்லை. பின்னர் அடிபட அடிபட, அடிபடும் மேற்புறம் மட்டும் கடினமாகிக்கொண்டே போகிறது. பிரினெல் எனும் கடின அளவுகோலில் 200-ஐ ஒட்டித் தொடங்கும் மேற்பரப்பு, சக்கரங்களின் அடியால் அதன் இரு மடங்குக்கு மேலும் உயர்கிறது. மேல்தோல் தேய்ந்தால் அதன்கீழுள்ள தோல் கடினமாகத் தொடங்குகிறது. கல் உடைக்கும் கிரஷரின் தாடைகளும் இந்த எஃகாலேயே செய்யப்படுகின்றன. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் வீரர்கள் அணிந்த இரும்புத் தொப்பியும் இதனாலேயே ஆனது. அடி இல்லாமல் மணல் மட்டும் உரசும் இடத்தில் இது பயனற்றது என்பதையும் சேர்த்தே அறிய வேண்டும். அடியே இதன் பதன முறை.

ஹாட்ஃபீல்டுக்கு முன்னோடியாக நின்றவரைத் தேடிச் சென்றால், பாதை மீண்டும் தென்னிந்தியாவுக்கே வந்து சேர்கிறது. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் நொய்யலாற்றங்கரை அகழாய்வில் மூசை உலைகளின் எச்சங்கள் வெளிப்பட்டுள்ளன. சேலம் உள்ளிட்ட தென்னிந்தியப் பகுதிகளில், மண் மூசைக்குள் இரும்பையும் மரத்துண்டுகளையும் இட்டு மூடி உருக்கிச் செய்யப்பட்ட எஃகு, ஊட்ஸ் என்ற பெயரில் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் லண்டன் அறிஞர்களின் ஆய்வுக்கு எட்டியது. கொல்லர் ஒருவரின் மகனான மைக்கேல் ஃபாரடே, மின்னியலில் புகழ்பெறும் முன்னரே, கத்தி செய்வதில் வல்லவரான ஜேம்ஸ் ஸ்டோடர்ட்டுடன் சேர்ந்து இந்த எஃகின் மறைபொருளை அறிய முற்பட்டார். அதில் ஏதோ ஒரு வேற்று உலோகம் கலந்திருக்க வேண்டும் என்று கருதி, எஃகுடன் வெள்ளி, பிளாட்டினம், ரோடியம், நிக்கல், குரோமியம் முதலியவற்றைக் கலந்து பார்த்து, முடிவுகளை 1820-இலும் 1822-இலும் வெளியிட்டார். எஃகில் வேற்று உலோகங்களை முறையாகக் கலந்து ஆராய்ந்த முதல் முயற்சிகளுள் அது ஒன்று. நூறு ஆண்டுகளுக்குப் பின், அவர் விட்டுச்சென்ற மாதிரிகளைப் பகுத்தாராய்ந்து 1931-இல் நூல் வெளியிட்டவர் அதே ஹாட்ஃபீல்டு. ஃபாரடே தேடிய விடை அவர் தேடிய இடத்தில் முழுமையாக இல்லை. ஊட்ஸின் சிறப்புக்கு அதன் ஒன்றரை விழுக்காடு அளவிலான கரிமமே முதற்காரணம். எனினும் அவருடைய உள்ளுணர்வு முற்றிலும் பொய்க்கவும் இல்லை. அவ்வெஃகிலான டமாஸ்கஸ் வாள்களில் ஓடும் அலைவரிகள் உருவாவதற்கு, தாதுவிலிருந்து வந்த மிக நுண்ணிய அளவு வனேடியம் போன்ற தனிமங்கள் காரணமாயின என்பதை அமெரிக்க ஆய்வாளர் ஜான் வெர்ஹோவனும் கொல்லர் ஆல்ஃபிரட் பென்ட்ரேயும் 1998-இல் காட்டினர். தமிழகத்துப் பள்ளிப் பாடநூல்கள் ஊட்ஸைப் பெருமைக்காகக் குறிப்பிடுவதோடு நிறுத்திக்கொள்கின்றன. இந்தத் தொடர்ச்சியையும் அவை சொல்ல வேண்டும்.

ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையில் 1965-இல் விஜயந்தா பீரங்கி வண்டி வெளிவந்தது. பின்னர் டி-72 வகையான அஜேயா, டி-90 வகையான பீஷ்மா, அர்ஜுன் ஆகியவை தொடர்ந்தன. 2021 அக்டோபர் முதல் இத்தொழிற்சாலை, ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்ட ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் நிகம் நிறுவனத்தின்கீழ் இயங்குகிறது. கவசம் என்றதும் மிகக் கடினமான எஃகு என்றே எண்ணத் தோன்றும். ஆனால் கடினம் மட்டுமே உள்ள தகடு குண்டடியில் விரிசல் கண்டு உள்ளே சிதறும் என்பதால், உருட்டிய கவச எஃகில் கரிமம் ஏறத்தாழ 0.3 விழுக்காட்டோடு நிறுத்தப்பட்டு, தடிமன் முழுவதும் ஒரே சீராகப் பதம் ஏறுவதற்காக நிக்கல், குரோமியம், மாலிப்டினம் சேர்க்கப்படுகின்றன. கலப்பு எஃகின் தாமதம் இங்கே பற்றவைப்பவருக்கு எதிராகத் திரும்புகிறது. பற்றவைத்த இடம், சுற்றியுள்ள குளிர்ந்த தகட்டால் விரைவாகக் குளிர்ந்து, வேண்டாமலேயே மார்ட்டன்சைட்டாகி வெடிக்க முனையும். ஆகையால் தகட்டை முன்கூட்டிச் சூடாக்குவதும், துருப்பிடிக்காத எஃகு வகைக் கம்பியால் பற்றவைப்பதும் கவச வேலையில் வழக்கம்.

இவ்வண்டிகளின் அடிப்பகுதியிலும் கலப்பு எஃகின் மற்றொரு திறன் வெளிப்படுகிறது. டி-72, டி-90 வண்டிகளில் ஒவ்வொரு சக்கரத்தையும் தாங்குவது டார்ஷன் பார் எனும் நீண்ட எஃகுத் தண்டு. அது முறுக்குண்டு மீள்வதே ஸ்பிரிங்காகப் பயன்படுகிறது. நாற்பது டன்னுக்கு மேற்பட்ட வண்டி மேடுபள்ளத்தில் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அத்தண்டு முறுகி மீள வேண்டும் என்பதால், அதன் மேற்பரப்பில் ஒரு கீறல்கூட இருக்கலாகாது. இத்தகைய தண்டுகளைப் பதப்படுத்தியபின் எஃகுக் குண்டுமணிகளை வேகமாக மோதவிட்டு மேற்பரப்பை இறுக்குவதும், வேலைசெய்யும் திசையில் முன்கூட்டியே ஒருமுறை மிகையாக முறுக்கிவிடுவதும் பொதுவான முறைகள். வலப்பக்கத் தண்டை இடப்பக்கம் மாட்டக் கூடாது என்பது இதன் விளைவு. அர்ஜுன் வண்டியிலோ இவ்வேலையை வாயுவும் எண்ணெயும் கொண்ட அமைப்பு செய்கிறது.

எஃகை வெட்டுவதற்கும் எஃகே பயன்பட்ட காலம் ஒன்று உண்டு; இன்னும் அது முற்றிலும் போய்விடவில்லை. 1868-இல் இங்கிலாந்தின் ராபர்ட் மஷெட் டங்ஸ்டன் கலந்து செய்த எஃகு, காற்றில் குளிர்ந்தாலே கடினமாகியது. அதன் வழிவந்த எச்.எஸ்.எஸ். எனும் அதிவேக எஃகு, அமெரிக்காவின் டெய்லர், ஒயிட் ஆகியோரின் ஆய்வால் உருவாகி, 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் செஞ்சூட்டிலும் கூர் மழுங்காமல் எஃகைச் சீவிக் காட்டிப் பார்வையாளரை வியக்கவைத்தது. இன்று கடையில் வாங்கும் ட்ரில் பிட்டின் பொதுவான வகை ஒன்றில் ஏறத்தாழ ஆறு விழுக்காடு டங்ஸ்டன், ஐந்து விழுக்காடு மாலிப்டினம், நான்கு விழுக்காடு குரோமியம், இரண்டு விழுக்காடு வனேடியம் உள்ளன. தகட்டிலிருந்து உருக்களை வெட்டியெடுக்கும் பஞ்ச், டை ஆகியவற்றுக்குப் பன்னிரண்டு விழுக்காடு குரோமியம் உள்ள, பட்டறையில் எச்.சி.எச்.சி.ஆர். எனப்படும் எஃகு பயன்படுகிறது. ஸ்பேனரின் கைப்பிடியில் பொறித்துள்ள குரோம் வனேடியம் என்ற சொற்களும், பேரிங் குண்டுகளுக்கான ஈ.என். 31-இன் ஒரு விழுக்காடு கரிமமும் ஒன்றரை விழுக்காட்டை ஒட்டிய குரோமியமும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவையே.

எவர்சில்வர் பற்றிச் சில சொற்கள் போதும், ஏனெனில் தமிழ் வீடுகள் அதை நன்கு அறியும். பத்தரை விழுக்காட்டுக்கு மேற்பட்ட குரோமியம், காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமாகி, கீறினாலும் தானே மூடிக்கொண்டு துருவைத் தடுக்கிறது. பதினெட்டு விழுக்காடு குரோமியமும் எட்டு விழுக்காடு நிக்கலும் உள்ள வகை காந்தத்தில் ஒட்டாது என்பதால், காந்தம் வைத்துப் பார்த்து வாங்கும் வழக்கம் ஏற்பட்டுள்ளது. இச்சோதனை முழு நம்பிக்கைக்குரியதன்று: நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த மலிவான வகையும் காந்தத்தில் ஒட்டுவதில்லை, நிக்கலே இல்லாத, குரோமியம் மட்டும் உள்ள வகை ஒட்டும், ஆயினும் அது போலியன்று. பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை 2018-இல் பழைய வடிவமைப்பைக் கைவிட்டு எல்.எச்.பி. வகைக்கு முழுமையாக மாறியபோது, பெட்டியின் உடலும் துருப்பிடிக்காத எஃகுக்கு மாறியது.

குரோமியத் தாது ஒடிசாவின் சுகிந்தா பள்ளத்தாக்கில் நிறையக் கிடைக்கிறது. நிக்கலுக்கும் மாலிப்டினத்துக்கும் இந்தியா பெரிதும் இறக்குமதியையே நம்பியிருக்கிறது. 2022 மார்ச் 8 அன்று நிக்கலின் விலை ஒரு டன்னுக்கு ஒரு லட்சம் டாலரைத் தாண்டியதும் லண்டன் உலோகச் சந்தை அதன் வணிகத்தையே நிறுத்திவைத்தது. அத்தகைய அதிர்வுகள் சில வாரங்களுக்குள் அம்பத்தூரின் விலைப்பட்டியல்களிலும் உணரப்படும். ஈ.என். 19 போதுமான இடத்தில் பாதுகாப்புக்காக என்று எண்ணி ஈ.என். 24 கேட்பது, கேட்பவருக்கும் நாட்டுக்கும் செலவு. உருப்படியின் தடிமன் என்ன, சுமை எத்தகையது, எந்தத் தொட்டியில் குளிர்விக்கப்படும் என்னும் மூன்று கேள்விகளுக்கு விடை கண்டபின் எஃகைத் தேர்ந்தால், பெரும்பாலும் மலிவான வகையே போதுமானதாக அமையும்.

வாங்கிய நிக்கலைக் காப்பதிலும் குறை இருக்கிறது. லேத்திலிருந்து சுருள்சுருளாக விழும் எஃகுச் சீவல்கள் பல பட்டறைகளில் வகை பிரிக்கப்படாமல் ஒரே குவியலாகப் பழைய இரும்பு வணிகருக்குப் போகின்றன. அவை கும்மிடிப்பூண்டி போன்ற இடங்களின் உலைகளில் மற்ற கழிவுகளுடன் உருகும்போது, நிக்கலும் மாலிப்டினமும் செம்பும் எரிந்து போகாமல் இரும்புக்குள்ளேயே தங்கிவிடும் இயல்புடையவை. கடல் கடந்து வந்த நிக்கல் இவ்வாறு வீட்டுக் கம்பிக்குள் புகுந்து, அங்கே எந்த வேலையும் இல்லாமல், திரும்ப எடுக்கவும் இயலாமல் கான்கிரீட்டுக்குள் அடைபடுகிறது. நிக்கல் உள்ள சீவல்களைத் தனித் தொட்டியில் சேர்த்து, கையடக்க நிறமாலைக் கருவியால் உறுதிசெய்து, கலப்பு எஃகு ஆலைக்கே திருப்பி அனுப்பும் முறையைத் தொழிற்பேட்டையின் பட்டறைகள் கூட்டாக ஏற்படுத்திக்கொள்ள முடியும்; அவ்வாறு பிரித்த சீவலுக்குக் கலவைச் சீவலைவிடக் கூடுதல் விலையும் கிடைக்கும்.